வீரசாமி மட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் என் மகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுங்கைப் பட்டாணி நகரக் கடைத்தெருவில் சுற்றினாள். திட்ட வாயெடுத்தேன், இந்தக் கதை வந்தது. (அவள் அதைப் 'பொந்தேங்' என்பாள். சொல்தான் மலாய், திருட்டு ஒன்றுதான்.)

ரப்பர்த் தோட்டத்தில் இதற்குப் பொருள் எளிது: சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவன் மட்டம். அவனுக்கு அன்றைய அரிசி கிடையாது.

2

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணும் பெரட்டுக் களத்தில், புஷ்பவள்ளி கண்ணீர் வழிய

இல்லை. கண்ணீர் நான் சேர்த்தது. அடித்துவிட்டேன்.

புஷ்பவள்ளி, பிள்ளை பெற்ற பதினாறாம் நாளே பால்வெட்டுக் கத்தியோடு வந்து நின்றவள். மட்டம் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. புருஷன் வீரசாமியையே அதற்காக ஏசியிருக்கிறாள். ஆனால் அன்று களத்தோரம் லாரி நின்றது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். முன்பு போன பதினோரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

3

"வீரசாமி!" என்றார் ஆள் கணக்கு எழுதும் சீனிவாசகம் கிராணி.

"மட்டம்," என்றாள் புஷ்பவள்ளி.

கிராணி குரலைத் தாழ்த்தினார். "சீக்குன்னு சொல்லு புள்ள. லீவு எழுதிக்கிறேன். மட்டம்னா ஜப்பான்காரன் உன்னைய அறைவான்."

"சீக்குன்னா லயத்து வீட்டுல படுத்துக் கெடக்கணுமேங்கையா. வந்து தூக்கிட்டுப் போயிருவான். லீவுன்னா கேக்கணும். எம் புருஷன் யாரையும் கேக்கல. மட்டம்னே எழுதுங்க."

எத்தனையோ பேருக்கு அந்தச் சொல்லை எழுதி அரிசியை வெட்டிய கை, அன்றும் அதையே எழுதியது.

ஜப்பானிய அதிகாரி வந்து அவளை அறைந்தான். (விழுந்தாள் என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பொறுக்கவில்லை. என் கதையில் அவள் விழமாட்டாள்.)

"மானா?" எங்கே என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டான்.

"சொல்லிட்டுப் போனா அது மட்டமா, தொர?"

4

முடிவுகள்:

மெர்போக் ஆற்றோரச் சதுப்புக் காட்டில் வீரசாமி

தஞ்சோங் டாவாய் கடற்கரையில், ஒரு மலாய்க்காரர் படகில், வலைக்கு அடியில்

பக்கத்துத் தோட்டத்துப் புகைக்கூண்டுக்குப் பின்னால்

மூன்றில் ஒன்று உண்மை. அதனால்தான் மூன்றையும் பாதியில் நிறுத்தினேன். எழுதிவிட்டால் அந்த அதிகாரியும் படிப்பான். ஒரு நல்ல முடிவுக்கு ஆசைப்பட்டு ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. எனக்குக் கோபம் வருகிறது, எது உண்மை என்று கேட்காதீர்கள்.

அந்த அதிகாரி அறைந்த கையை இன்னும் இறக்கவில்லை. புஷ்பவள்ளியை விட்டுவிட்டு, இதோ, உங்கள் பக்கம் திரும்புகிறான். "மானா?" உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.