சாவடியில் திறந்த பெட்டி

வேலைக்குக் கொண்டுபோகும் பையையே பயணப் பையாக்கிக்கொண்டு வந்ததுதான் பூட்டுக்காரர் செய்த பிழை. எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் அவருடைய மகளுக்கு அன்று மாலை அறுவைச் சிகிச்சை. செய்தி கிடைத்ததும் மாற்றுத்துணி இரண்டைத் திணித்துக்கொண்டு பேருந்தேறிவிட்டார். பக்க உறையில் வளைந்த கம்பிகளும் கொக்கிகளும் கிடந்தது, சோதனைச் சாவடியின் மேசைமேல் அவை கொட்டப்பட்டபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அதிகாரிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். ஒரு கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, ஊரு உறங்கினப்புறம்தான் தொழிலா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பூட்டுக்காரரும் சிரித்துவைத்தார், எதற்காகச் சிரித்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. சாவியைத் தொலைத்தவர்களுக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பதே தம் பிழைப்பு என்றார். கடைத்தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார். மகளைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல, உண்மையே அவர் வாயில் பொய்போல் ஒலித்தது. வெளியே ஓட்டுநர் பொறுமையிழந்து ஒலிப்பானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த மேசையருகே, அதே பேருந்தில் வந்த ஒரு பெண்மணி தகரப் பெட்டியொன்றை அணைத்தவாறு நின்றார். சாவி கணவரிடம் இருக்கிறது, அவர் அந்தப் பக்கப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறார், அழைத்துவந்து திறக்கிறேன் என்று நெடுநேரமாக மன்றாடிக்கொண்டிருந்தார். அதிகாரி அந்தப் பெட்டியையும் பூட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூட்டுக்காரர்னு சொல்றீங்கல்ல? அதத் திறந்து காட்டுங்க, நம்புறேன். அப்புறம் பஸ்ஸப் பிடிங்க."

உடையவர் வாய்திறந்து சரி என்று சொல்லாமல் அவர் எந்தப் பூட்டிலும் கைவைத்ததில்லை. வாடகை வீட்டின் கதவை உடனே திறக்கச் சொன்ன வீட்டுச் சொந்தக்காரரை, குடியிருப்பவர் வரும்வரை வாசலிலேயே நிறுத்திவைத்தவர் அவர். இப்போதோ, தம்மையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியின் முகத்தை ஏறிட்டும் பாராமல் கம்பியைப் பொறுக்கினார்.

ஒரு நெம்பல், ஒரு திருப்பல், பூட்டு வாய்பிளந்தது. சற்றே தடுமாறுவதுபோல் காட்டியிருக்கலாம், முடியவில்லை என்று கையை விரித்திருக்கலாம் என்பதெல்லாம் அதன் பிறகே தோன்றிற்று.

கையுறையணிந்த கை பெட்டியைக் கிளறியது. மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த, உள்ளங்கையளவுத் திண்டு ஒன்றை வெளியே எடுத்து, இது என்ன என்று அதிகாரி உரக்கக் கேட்டார். புற்றுநோய்க்காகத் தம் மார்பை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் வைத்துக்கொள்வது என்று அந்தப் பெண்மணி தரையைப் பார்த்தபடி சொன்னார். முன்பு சிரித்த வரிசை முழுவதும் இப்போது அந்தத் திண்டையே பார்த்தது. அதிகாரி திண்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இருவரும் போகலாம் என்று கையசைத்தார்.

பூட்டுக்காரர் குனிந்து, கலைந்த துணிகளைத் தொடாமல் மூடியை மட்டும் சாத்தினார்.

"பூட்டித் தர்றேம்மா."

"எதுக்குண்ணே? எல்லாரும்தான் பாத்தாச்சே."

பேருந்து புறப்பட்டதும் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். எல்லையைத் தாண்டியாயிற்றா, சாவடியில் தொந்தரவு ஏதும் கொடுத்தார்களா என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ள, மரியாதையாத்தான் அனுப்பினாங்க" என்றார் பூட்டுக்காரர்.

முன்னிருக்கையில் பெட்டியை மடிமேல் வைத்திருந்த பெண்மணி திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்திருக்கும் என்பது மட்டும் பூட்டுக்காரருக்குத் தெரிந்தது.