எதனோடும் சேராத கம்பி

லோ அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மாவு பிசையும் இயந்திரம் நிற்கவில்லை. தொட்டிக்குள் இரும்புக் கைகள் அதே நிதானத்தோடு சுற்றின. ஆனால் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும் என்று வருடக்கணக்காக நம்பிப் பழகிய அக்காவின் வலக்கை, மாவின் பதம் பார்க்க அதற்குள் தொட்டியை நோக்கி இறங்கிவிட்டது. லியென்-சூ பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கின்-ஃபா மாடிக்கு ஓடிப் பெரிய சுவிட்சை இறக்கிய பிறகுதான் எல்லாம் அடங்கியது.

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏழாம் மாசம்டி இது. ஆவியெல்லாம் வெளிய சுத்துற நேரம். படையல் வெக்காம மெஷினத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?”

சாங்ஹுவா ஊரில் லோ அக்காவின் அந்தச் சேமியா ஆலையில் இயந்திரத்துக்கான புது மின்பேனலை அன்று காலைதான் மின்பணியாளர்கள் இருவரும் பொருத்தியிருந்தார்கள். மாவுத்தூசி படக்கூடாதென்று பேனல் மாடியறையில். இயந்திரம் கீழே, கொட்டகையின் மறுகோடியில். பொத்தானுக்கான கம்பிகள் மற்ற கம்பிகளோடு ஒரே கேபிளாக ஆலையின் நீளம் முழுக்க ஓடின. லியென்-சூவும் கின்-ஃபாவும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். விவாகரத்துக்குப் பிறகும் வேலையை மட்டும் பிரித்துக்கொள்ளவில்லை. அவன் இழுத்த கேபிளில் அவள் யோசிக்காமல் இணைப்புக் கொடுப்பாள். அவள் கட்டிய பேனலை அவன் மறுபடி திறந்து பார்க்கமாட்டான். இன்று அந்த நம்பிக்கையில்தான் ஒரு கை போகவிருந்தது.

“பொத்தான மாத்திக் கட்டியிருப்ப,” என்றான் கின்-ஃபா.

“ஆமா, எல்லாத் தப்பும் என்னுதுதான். கல்யாணத்துலேர்ந்தே அப்படித்தானே?”

அவன் பொத்தானைக் கழற்றிச் சோதித்தான். பழுதில்லை. மோட்டாருக்குப் போகும் இணைப்பை மட்டும் பிரித்துவைத்துவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள். மாடியில் லியென்-சூ, மோட்டாரை ஓட்டும் ரிலேயின், அதாவது மின்சாரம் வரும்வரை மட்டும் பிடித்துக்கொள்ளும் சுவிட்சின், முனைகளில் மீட்டரை வைத்தாள். கீழே பொத்தானை அழுத்தினால் இங்கே சுழியம் காட்ட வேண்டும். காட்டியது எழுபத்துச் சொச்சம் வோல்ட். ரிலே விடாமல் பிடித்துக்கொண்டு மெல்ல ரீங்கரித்தது.

“அமுக்கியிருக்கியா இல்லையா?” என்றாள் கைபேசியில்.

“கட்டை விரலே மரத்துப்போச்சு. அமுக்கிட்டேதான் இருக்கேன்!”

எங்கோ உறை கிழிந்து கம்பிகள் உரசுகின்றன என்று நினைத்தாள். மின்சாரத்தை நிறுத்தி, சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தாள். கிழிசல் எங்கும் இல்லை. கடைசியில் பொத்தானிலிருந்து ரிலேக்கு வரும் அந்த ஒற்றைக் கம்பியை இரண்டு முனையிலும் கழற்றினார்கள். இப்போது அது எதனோடும் சேராத வெறும் செம்பு. மற்ற கம்பிகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அதன் நுனியில் மீட்டரை வைத்தாள். எண்கள் ஏறின. எழுபதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி நின்றன.

கின்-ஃபா மேலே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவள் ஒரு சின்ன பல்பை அந்த நுனியில் மாட்டினாள். பல்பு எரியவில்லை, மீட்டர் சட்டென்று சுழியத்துக்கு விழுந்தது. பல்பை எடுத்தாள். திரும்பவும் ஏறியது.

“பக்கத்துக் கம்பிலேர்ந்து ஏறுது,” என்றான் மெதுவாக. “நீளமா ஒட்டி ஓடுதுல்ல, அதான்.”

பயிற்சிப் பள்ளியில் இருவரும் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதி மறந்த இரண்டு வரி. அது இப்படிக் கண்ணெதிரே நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை. வழியில்லாத இடத்தில், ரப்பர் உறையைத் தாண்டி, தொடாமலே ஒன்று வந்து சேர்கிறது. ஒரு பல்புக்குக்கூடப் போதாத அளவு. ஆனால் அந்தச் சிறிய ரிலேக்கு அது போதும். ஒரு மனுஷியின் கையை வாங்கவும் போதும். அவள் முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. மீட்டரை எடுக்க மனமில்லாமல் இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

“பல்ப அப்படியே மாட்டி வெச்சிரலாமா? ரிலே விட்டுரும்,” என்றான்.

“பல்பு ஃபியூஸ் போனா? அக்கா கைய யாரு தருவா? பொத்தான் லைன இருபத்திநாலு வோல்ட் டிசிக்கு மாத்திருவோம். அது இப்படித் தாண்டி வராது.”

பிற்பகல் முழுக்க ரிலேயை மாற்றினார்கள், கம்பிகளை மாற்றினார்கள். அவள் கையை நீட்டும் முன்பே அவன் திருப்புளியை நீட்டினான்.

மறுபடி பொத்தானை அழுத்தியபோது ரிலே ‘டக்’கென்று விட்டது. இரும்புக் கைகள் நின்றன. லோ அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “இன்னொரு தரம்,” என்றார். பிறகு, “இன்னும் ஒரு தரம்.” அவர் கைகள் கடைசிவரை முன்னால் வரவில்லை.

லியென்-சூ முகம் கழுவ வெளியே வந்தாள். முற்றம் முழுக்க மூங்கில் கழிகளில் சேமியா காய்ந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு, நூல் நூலாக, பக்கம் பக்கமாக. ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. முதல் வரிசை அசைந்தது, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கின்-ஃபா வந்து சற்றுத் தள்ளி நின்றான். சாய்ந்த வெயிலில் அந்த வெள்ளை நூல்கள் முற்றத்தின் கடைசிவரை நடுங்கிக்கொண்டே போயின.