ஆமென் சொன்னால் இறங்கலாம்

அத்திப்பட்டுப் பக்கம் ஓர் எண்ணெய் யார்டில், டேங்குக்குள் இறங்கிக் கசடு வாரும் ஆட்களுக்கு ஜெபம் பண்ணும் பாஸ்டர் நான். நாஷ்டா முடித்து அவர்கள் வருவதற்குள் சூப்பர்வைசர் சுப்பிரமணி மீட்டர் வைத்து, உள்ளே விஷவாயு இல்லையென்று பார்த்துவிடுவார். பிறகுதான் என் ஜெபம். நாளடைவில் மீட்டரை யாரும் விசாரிப்பதில்லை. நான் ஆமென் சொன்னால் இறங்கலாம், அவ்வளவுதான். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் முரளிகூட என்னிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் இறங்குவான்.

செவ்வாய்க்கிழமை கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தை நான் நடத்தி வைக்க வேண்டியிருந்தது. அன்று பார்த்து மீட்டரில் சார்ஜ் இல்லை.

"ஸ்டோர்ல வேற இருக்குது, எடுத்துனு வந்துர்றேன். அதுவரிக்கும் ஜெபம் வேணாம் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார் சுப்பிரமணி. ஆட்கள் இன்னும் நாஷ்டாவிலிருந்து வரவில்லை.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆட்கள் இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகும், அதற்குள் அவர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர்கள் வந்ததும் ஜெபித்தேன், ஆமென் சொன்னேன், பைக்கை எடுத்தேன்.

கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அலறல் கேட்டது. திரும்பி ஓடினேன். முதலில் இறங்கிய பீட்டரை முரளி கயிறு போட்டு இழுத்து வெளியே கிடத்தியிருந்தான். வாயில் நுரை. உயிர் இல்லை. என் சபைப் பிள்ளை அவன்.

அப்போதுதான் சுப்பிரமணி மீட்டரோடு ஓடிவந்தார். அதைப் பார்த்ததும் ஆட்களுக்கு வெறி ஏறியது.

"இப்பத்தான் எடுத்துனு வர்றியா? செக் பண்ட்டேன்னு ஐயாவையே ஏமாத்திக்கிறியேடா!"

முரளியின் பைப் ரெஞ்ச் அவர் தாடையில் இறங்கியது. பற்கள் தெறித்தன. கீழே விழுந்தவரை பூட்ஸ் காலால் மிதித்தார்கள்.

"ஐயாவக் கேளுங்கடா," என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயம், வேறொன்றுமில்லை. நான் வாய் திறக்கவில்லை என்றதும் யாரோ அவர் கையைத் திருகி ஒடித்தார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம்தான் கத்தினேன். "அவரு வேணாம்னுதாம்பா சொன்னாரு! நான்தான் அவசரப்பட்டு ஜெபம் பண்ட்டேன். பீட்டரைக் கொன்னது நான். என்னை அடிங்க!"

முரளி அழுதுகொண்டிருந்தான். "இவனக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றீங்க ஐயா. உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?"

சுப்பிரமணியின் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். நாலு பேர் என்னை அலுங்காமல் தூக்கிப்போய் நிழலில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தான். முரளி திரும்பிப் போய், சுப்பிரமணியின் அசைவு நிற்கும்வரை அடித்தான்.