விசிலுக்கு இறங்கிய நாற்காலிகள்

தையற்காரி விசில் ஊதினால் அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் நாற்காலிகள் எல்லாம் படியிறங்கி முற்றத்தில் வரிசையாக வந்து நிற்கும். மனிதர்கள்தான் வரமாட்டார்கள். குடிமைப் பாதுகாப்புப் படையில் தொண்டராகச் சேர்ந்த வருடமே, மாதத்தின் முதல் ஞாயிறு தீ ஒத்திகை என்று அவள் வீடுவீடாகச் சொல்லியிருந்தாள். முதலில் வந்தது கீழ்வீட்டு முக்காலி. பிறகு மேசைகள், கட்டில்கள், கதவு சரியாக மூடாத ஒரு பீரோ. கட்டில்கள் திருப்பத்தில் இடித்துக்கொள்ளாமல் இறங்கப் பழகுவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. குடியிருந்தவர்கள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உட்கார ஒன்றும் இல்லாததால் நின்றார்கள், அவ்வளவுதான். அவள் சளைக்கவில்லை. வந்தவற்றைச் சரிபார்த்து, நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

நாலாம் மாடியில் அவளுடைய அக்கா இருந்தாள். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். ஒத்திகை நாளில் தன் நாற்காலியை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வாள்.

"நான் வளத்த கழுதை, எனக்கே விசில் ஊதுதா?"

தெருவே சிரிக்கும். தையற்காரிக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் நிஜமாகவே தீ வந்து, அக்கா இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பதினெட்டாம் வருடம் ஒரு மத்தியானம், கீழே கரண்ட் மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. விசிலுக்கு முன்பே சாமான்கள் கிளம்பிவிட்டன. புகையில் வழி தெரியாத மனிதர்கள் கட்டில் கால்களையும் மேசை விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார்கள். அக்காவை மட்டும் காணோம். தையற்காரி ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். கிளம்பப் பார்த்த நாற்காலியை ஜன்னல் கம்பியோடு கட்டிப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"நீ போடி. எனக்கு முட்டி வலி, மெதுவா வரேன்."

"கடைசி ஆளா நான்தான் எறங்கணும், அதான் சட்டம். நீ உக்காந்தா நானும் உக்காருவேன்" என்று தரையில் சம்மணம் போட்டாள்.

சாப்பிடமாட்டேன் என்று சின்ன வயதில் அடம்பிடித்த அதே முகம். அக்கா திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். நாற்காலி அவளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. ஒத்திகைக்கே வராத நாற்காலி; திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்தது. அக்கா அதையும் திட்டினாள்.

இருபது வருடம் முடிந்ததும், நீண்டகாலச் சேவைக்கான தேசியப் பதக்கம் அறிவித்தார்கள். தலைநகரில் விழா, முதல் ஞாயிறு. அன்றைக்கு ஒத்திகை, வரமுடியாது என்று தையற்காரி சொல்லிவிட்டாள். எத்தனையோ பேர் பேசிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் அதிகாரியே பதக்கத்தோடு முற்றத்துக்கு வந்தார். அதைச் சட்டையில் குத்திவிட ஊசியைத் திறந்துகொண்டு நெருங்கியவரை அவள் கையமர்த்தினாள்.

"இருங்க சார். மேல இன்னும் ஆள் இருக்கு."

அதிகாரி ஒரு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பதக்கத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக நடந்தே இறங்கி வந்தாள். பின்னால் அவளை அவசரப்படுத்தாமல் நாற்காலி வந்தது. அக்கா வரிசையில் தன் இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் வந்தாச்சு. இப்ப குத்துங்க."