பேருந்து நிற்காத காட்சி

ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொள்ள எவரார்தோவுக்குத் தெம்பில்லை. ஹசிந்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதன் ஒரு பக்கத்தை மட்டும் கணவனின் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் கடுத்தது. கையை மாற்றினால் அவன் கண்ணைத் திறந்துவிடுவான் என்று அப்படியே இருந்தாள். எதிரே மேசையில் அவள் தம்பி லீனோ கணினிமுன் குனிந்து ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

"கிதார் ஜாஸ்தியா இருக்கு," என்றான் எவரார்தோ.

"நீங்க வாசிச்சதுதான் மச்சான்."

"யார் வாசிச்சா என்னடா? ஜாஸ்தின்னா ஜாஸ்திதான்."

வீட்டின் பின்கட்டில் இருந்த ஒலிப்பதிவு அறை அது. சுவரெல்லாம் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, மாடி ஏற முடியாதவனுக்கு எங்கே கட்டில் போடுவது என்ற பேச்சே எழவில்லை. மைக்கையும் வயர்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு இங்கேயே போட்டார்கள். நுரையீரலில் வந்த நோய் எலும்புவரை இறங்கியிருந்தது.

கோவாத்தெபெக் ஊரில் எவரார்தோவின் கிதாருக்கு ஆடாத கல்யாணம் குறைவு. முப்பது வருடமாக ஊரார் கேட்ட பாட்டையெல்லாம் வாசித்தான். செருப்புக் கடைக்கும் தேர்தலுக்கு நின்றவர்களுக்கும் ரேடியோ விளம்பரம் போட்டுக் கொடுத்தான். நகராட்சி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் லீனோ ஞாயிறுதோறும் இந்த அறைக்கு வந்துவிடுவான். சொந்தமாக ஒன்றைச் செய்து கொடு என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. போன மழைக்காலத்தில் மருந்துக்கடைக்காரர் மகள் ரெனாத்தா ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டியோடு வந்து, தான் ஒரு படம் எடுத்திருப்பதாகவும், கையில் அதிகமில்லை என்றும், அவர்கள்தான் இசை போட வேண்டும் என்றும் சொன்னாள். அவள் போனபிறகு எவரார்தோ வெகுநேரம் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோது, பசிக்கவில்லை என்றான். அவனுக்குப் பசிக்காமல் இருந்து ஹசிந்தா அதற்குமுன் பார்த்ததில்லை.

சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க மலையிறங்கிப் போகும், காப்பிப் பழம் பறிக்கிற ஒருத்தியின் கதை அது. திரையில் இப்போது அவள் தூறலில் சாலையோரம் நின்றாள். பேருந்து வந்தது. நிற்காமல் போனது.

லீனோவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாக ஹசிந்தா அவனைப் பார்த்தாள். கூரைக்கடியில் ஒதுங்காமல் தூறலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு முடிந்து போனைப் பையில் போட்டபிறகும் அங்கேயே நின்றான். சூப்பைச் சுடவைத்துவிட்டு வருகிறேன் என்று கணவனிடம் சொல்லி அவள் எழுந்தாள்.

அடுப்படியில் லீனோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெனாத்தாதான். தயாரிப்பாளர் நம்ம இசை வேண்டாம்னுட்டாராம்க்கா. படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பணுமாம். தலைநகர்ல யாரோ பேர் வாங்கின ஆளை வச்சுப் போடச் சொல்லிட்டாராம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அழறா. அழுது என்ன பண்றது?"

சூப்பு கொதித்து மூடியைத் தூக்கியது. அவள் தீயைக் குறைத்தாள். மச்சானிடம் சொல்லிவிடலாம் என்றான் லீனோ. அவர் என்ன குழந்தையா, நாளைக்கு யார் மூலமாவது தெரிந்தால் நம்மை மன்னிப்பாரா என்றான். நாளைக்கு என்று சொன்னபிறகு அவனே நிறுத்திக்கொண்டான்.

"அவர்கிட்ட பொய் சொல்ல முடியாதுக்கா. குரல்லயே பிடிச்சிடுவார்."

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். முகத்தைக் கழுவிட்டு வா."

யார் போனில் என்று எவரார்தோ கேட்டான். அவள் கரண்டியை ஊதி ஆற்றிக்கொண்டே, "ரெனாத்தா. அவசரமில்ல, நிதானமா முடிங்கன்னா," என்றாள். இரண்டு கரண்டிக்குமேல் அவனால் விழுங்க முடியவில்லை.

"நல்ல பொண்ணு," என்றான். "கிழவி, திரும்ப அதைக் காதுல வை. இந்தக் காட்சியைச் சரிபண்ணிடலாம்."

காட்சியிலிருந்து கிதார் ஒலியை நீக்கச் சொன்னான். லீனோ நீக்கினான். எவரார்தோ ஓடவிடச் சொல்லிக் கேட்டான். கிளாரினெட்டையும் நீக்கச் சொன்னான். "உனக்கு மூக்கடைப்பாடா? அது பாட்டுக்கு உறிஞ்சிக்கிட்டே இருக்கு," என்றான். லீனோ சிரிக்க முயன்றான். கடைசியில் அடியில் ஓடிய ஒற்றைச் சுரம் மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்துவிடு என்றான். மழையும், அந்தப் பெண்ணின் மூச்சும், பேருந்து இரைந்து போகிற சத்தமும்தான் இருந்தன.

"இப்படியே விட்டுடு."

"மச்சான், நீங்க போட்டதுலயே இதுதான் ஒசத்தி. ரெண்டு மாசம் இதுக்காக உட்கார்ந்தீங்க."

எவரார்தோ மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "அவ பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. பாக்குறவனும் அவகூட நிக்கணும். நாம நடுவுல போய் அவ தோள்ல கையப் போட்டா அவனுக்கு என்ன வேலை?"

லீனோவின் விரல் மவுஸின்மேல் அசையாமல் இருந்தது. யாரும் கேட்கப்போகாத பாட்டு. அதை அழித்தால் என்ன, வைத்தால் என்ன. ஆனால் தம்பியால் அழிக்க முடியவில்லை என்பதை ஹசிந்தா பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் தலையசைத்தாள். அழித்தான்.

"இப்ப சரி," என்று எவரார்தோ கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப்பிறகு அவன் பேசியதெல்லாம் தண்ணீர் என்பதும் கால் குளிருது என்பதும்தான். அவள் காலுக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மாலை இருட்டத் தொடங்கும் நேரம். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த லீனோ கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு நின்றதை அவன்தான் முதலில் கேட்டான்.

முன்னறையில் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு அதன்மேல் சவப்பெட்டியை வைத்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஊரார் மரியாதையாக தோனா கூகா என்று அழைக்கும் பக்கத்து வீட்டுக் கிழவி ஜெபமாலையை முன்நின்று சொன்னாள். வாழையிலையில் சுற்றி அவித்த சோளமாவுத் தமால்களைப் பெண்கள் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்தார்கள். அவனோடு கல்யாணங்களில் வாசித்த குழுவின் ஆட்கள் சாராயம் கலந்த காப்பியோடு சுவரோரமாக நின்று, எவரார்தோ தூங்கிக்கொண்டே ஒரு பாட்டு முழுக்க வாசித்ததைத் தணிந்த குரலில் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. போகும்போது பேர் சொல்லும்படி ஒன்றைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்றார் டிரம்ஸ்காரர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். லீனோ எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

ரெனாத்தா தலை நனைந்து, கையில் வெள்ளை லில்லிகளோடு வாசலில் நின்றாள். தோனா கூகா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"படம் எப்பம்மா வரும்? சதுக்கத்துல திரை கட்டிப் போடணும். நாங்க நாற்காலி எடுத்துட்டு வர்றோம். எவரார்தோ பாட்டை ஊரே கேக்கணும்."

அறையே அந்தப் பெண்ணைப் பார்த்தது. அவள் ஹசிந்தாவைப் பார்த்தாள்.

"வரும்," என்றாள் ரெனாத்தா.

ஹசிந்தா பூவை வாங்கிக்கொண்டு அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் கோப்பையைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தயாரிப்பாளரோடு சண்டை போட்டதையும் தோற்றதையும் சொன்னாள். எவரார்தோவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் ஹசிந்தா. ரெனாத்தா அழுதாள்.

"படத்துல அவர் பேரைப் போட்டுடறேன் தோனா ஹசிந்தா. அது என் கையில இருக்கு. இசைன்னு அவர் பேரும் வரும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ஹசிந்தா பூக்களின் காம்பைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் காம்புவரை நறுக்கிவிட்டுத்தான் பேசினாள்.

"அவர் போடாத பாட்டுக்கு அவர் பேர் வேண்டாம்மா. காப்பி ஆறுது, குடி."

மறுநாள் காலை தூறலிலேயே அடக்கம் நடந்தது. நகராட்சிக் குழு வாசித்துக்கொண்டே கல்லறைத் தோட்டம்வரை வந்தது. லீனோவும் சீருடையில் வரிசையோடு வரிசையாக நடந்தான். திரும்பி வரும் வழியில் ஹசிந்தா, கூட வந்த தோனா கூகாவிடம், படத்தில் எவரார்தோவின் இசை இருக்காது, வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டார்கள், நாற்காலி எடுத்துப் போக வேண்டாம் என்று சொன்னாள். கிழவி நின்றாள். தன் குடையை ஹசிந்தாவின் பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் அவளுடைய ஒரு தோள் நனைந்தபடி வந்தது.

மதியம் வந்தவர்களெல்லாம் கலைந்துபோனார்கள். லீனோ பின்கட்டு அறையில் படுக்கையைச் சுருட்டிவைத்துவிட்டு நின்றான். மேசைக்கருவிகளையும் இன்றைக்கே கழற்றிவிடட்டுமா என்று கேட்டான்.

"பாக்கி ஏதாவது இருக்கா?" என்றாள் ஹசிந்தா.

"ஒண்ணு. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடும்போது வர்றது. மச்சான் தன் பங்கை வாசிச்சு வச்சுட்டார். நான்தான் வாசிக்கல." சுருட்டிய படுக்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இனிமே அது யாருக்குக்கா?" என்றான்.

அவள் மேசைமுன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பதிவு செய்ய எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். லீனோ அவளையே பார்த்தான். பிறகு வந்து காட்டினான். கிளாரினெட்டைப் பொருத்தி, அதன் நாணல் நாக்கை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினான்.

தெருவில் கேஸ் வண்டி கூவிக்கொண்டு வந்தது.

"அது போகட்டும்," என்றாள்.

வண்டி அடுத்த வீட்டு வாசலில் நின்றது. சிலிண்டரை இறக்கி உருட்டும் சத்தம் கேட்டது. யாரோ சில்லறைக்காக உள்ளே போனார்கள். பொத்தான்மேல் விரலை வைத்தபடி ஹசிந்தாவும், வாத்தியத்தை மார்போடு பிடித்தபடி லீனோவும் காத்திருந்தார்கள்.