தொண்டைக்கு ஓய்வு நாள்

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவருக்குத் தொண்டைதான் கடை, தொண்டைதான் முதல். விடிவதற்கு முன்பே மேடையேறிக் கத்த ஆரம்பித்தால் லாரிகள் காலியாகும்வரை வாய் மூடாது. சந்தையில் அவருக்குப் பெயரே 'மைக்'. வீட்டிலும் அதே சத்தம்தான். உப்பு எங்கே என்று அவர் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஆனால் சந்தைக்கு விடுமுறை என்றால் மைக் வாயைத் திறக்க மாட்டார். ஏலக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. விடுமுறையன்று பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் சைகைதான். அவர் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். வாரம் முழுக்க இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருப்பாள். உண்மையைச் சொல்ல வேண்டுமே, அந்த ஒரு நாள் அமைதியும் இல்லாவிட்டால் அவள் எப்போதோ பெட்டி கட்டியிருப்பாள். அவர் புருவம் அசைந்தாலே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றும் விடுமுறை. இருட்டிலேயே எழுந்து பழகிய மனிதர் எழுந்து காபி வாங்கிக் குடித்தார். சர்க்கரை போதாது என்று வலது கை விரல்களை உரசிக் காட்டினார். "இருக்கிற சுகருக்கு இது போதும், போங்க" என்றாள் டீச்சர். அவரும் சிரித்துக்கொண்டு பேப்பரை விரித்தார். பிறகு துணி துவைக்கிறது, காயப் போடுகிறது, அக்காவோடு ஃபோன் என்று அவளுக்குப் பொழுது ஓடிப்போனது. அக்காவோடு பேச உட்கார்ந்தால் அவளுக்கு உலகமே தெரியாது.

சமையலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்து வந்தாள். மேடையில் பாதி வெட்டிய தர்பூசணி, தரையில் கத்தி. அவருடைய இடது உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"அடப் பாவமே! கத்தி எப்படிங்க நழுவிச்சு? பராக்குப் பார்த்துக்கிட்டே வெட்டினீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். காற்றுப்போல என்னவோ வந்தது.

"வேண்டாம், வேண்டாம். பேசித் தொண்டையைக் கெடுத்துக்காதீங்க. சும்மா வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் வாயைப் பொத்தி, கையில் துண்டைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றினாள்.

தெருமுனை தாண்டினால் ஓர் அவசர கிளினிக். சின்னக் காயம், காய்ச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அலைய வேண்டாம், முன்பதிவும் தேவையில்லை. போன வருடம் மகள் கை முறிந்தபோது இங்கேதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் உட்காருங்கள் என்று சொன்னதற்கு மைக் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். டீச்சருக்கு மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் மகளை உடனே உள்ளே கூப்பிட்டார்கள் என்பதும் உண்மை.

வரவேற்பு மேசைப் பெண் அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள்.

"பயப்படாதம்மா" என்று டீச்சர் சிரித்தாள். "இன்னிக்கு இவரு பேச மாட்டாரு. தொண்டைக்கு ஓய்வு நாள். எது வேணும்னாலும் என்கிட்டயே கேளு."

"அப்பாடா! அப்ப தினமும் லீவு விடச் சொல்லுங்க மேடம்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெயர், வயது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, எல்லாம் டீச்சரே சொன்னாள். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்து, "கொஞ்சமா வலிக்குதாம்" என்று அதையும் அவளே சொன்னாள். துண்டை அவிழ்த்துப் பார்த்த நர்ஸ், ரத்தம் நின்றுவிட்டது, தையல் போட்டால் போதும் என்று உட்காரச் சொன்னாள்.

கூட்டம் இருந்தது. அழுகிற குழந்தை ஒன்று முன்னால் போயிற்று. பல்வலிக்காரர் ஒருவர் கத்திக் கூப்பாடு போட்டு முன்னால் போனார். "பரவாயில்லை, நாங்க பொறுமையா இருக்கோம்" என்றாள் டீச்சர். நர்ஸ் போகும்போதும் வரும்போதும் நின்று, "சார் மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு ஏன் தலைவலி?" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை வருடம் கழித்து இந்த மனிதரோடு வெளியே வந்து ஒரு நல்ல வார்த்தை கேட்கிறாள்!

அவர் துண்டு சுற்றிய இடது கையைத் தூக்கி வாயைக் காட்டினார். மறுபடியும் காட்டினார். அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் புகட்டினாள். பாதி சட்டையில் வழிந்தது, புரையேறி இருமினார். "நிதானமா குடிக்கறதுக்கு என்ன?" என்று துடைத்துவிட்டாள். அவர் மறுபடி கையைத் தூக்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். "தெரியும், தெரியும். இப்ப கூப்பிட்டுருவாங்க."

கடைசியில் கூப்பிட்டார்கள். டாக்டர் இளைஞர், தங்கமான பிள்ளை. வலிக்காமல் மரப்பு ஊசி போட்டு, பொறுமையாகத் தையல் போட்டார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். லேசா சுகர் மட்டும்தான்" என்றாள் டீச்சர். டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான், முடிந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வரவேற்புப் பெண் தொடுதிரை டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் எங்கள் கவனிப்பு எப்படி என்று கேட்டு, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை வரிசையாக ஐந்து மஞ்சள் முகங்கள்.

"மேடம், நீங்க வேண்டாம். இன்னிக்கு சார்தான் அழுத்தணும். போன தடவை சார் என்ன அழுத்தினாருன்னு எங்களுக்கு இன்னும் மறக்கலை."

இடது கையில் பெரிய கட்டு. அதனால் அவள் டேப்பை வலது பக்கமாக நீட்டினாள். அவர் முகங்களைப் பார்த்தார். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். கை எழவில்லை. யாரோ தன் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"ஏங்க? என்னங்க ஆச்சு?" என்று டீச்சர் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வாயின் வலது ஓரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நேரம் அவருடைய இடது பக்கம்தானே உட்கார்ந்திருந்தாள்! அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட கையையே பார்த்துக்கொண்டு!

"டாக்டர்!" என்று அவள் போட்ட கூச்சலில் கிளினிக்கே எழுந்து நின்றது. மைக்கால்கூட அப்படிக் கத்தியிருக்க முடியாது. டாக்டர் ஓடி வந்து மண்டியிட்டார். "சார், பல்லைக் காட்டுங்க. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார், உங்க பேரைச் சொல்லுங்க!" பாதி முகம்தான் அசைந்தது. "ஆ... ஆ..." என்ற சத்தம் மட்டும் வந்தது. சந்தையையே ஆட்டிவைத்த தொண்டையிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

"ஸ்ட்ரோக்" என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தி தானாக நழுவவில்லை. வலது கையில் பிடி போயிருக்கிறது. வாயைக் காட்டிக் காட்டி அவர் தண்ணீரா கேட்டார்? பேச்சு வரவில்லை என்று அல்லவா சொல்லியிருக்கிறார்! கடவுளே, அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாளே!

பெரிய ஆஸ்பத்திரியில் வாசலிலிருந்தே அவரை உள்ளே உருட்டிக்கொண்டு ஓடினார்கள். மூளை ஸ்கேன் எடுத்ததும் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தாள். சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்கிற மருந்து இருக்கு. ஆனா சில மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். யோசிச்சுச் சொல்லுங்க. அவரு நல்லா இருந்ததை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

கத்தி விழுந்தபோது என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கத்தி விழுந்தபோதே அவருக்கு முடியவில்லையே. அதற்கு முன்னால்? துணி துவைத்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவோடு பேசியபோது கதவைச் சாத்தியிருந்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்த வீட்டில் அவர் சத்தம் நின்றுபோன நிமிஷத்தைத் தெருவே சொல்லியிருக்கும்.

"காபி குடிச்சப்ப" என்றாள். "விடியறதுக்கு முன்னாடி. சர்க்கரை கேட்டாரு. சிரிச்சாரு."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "கைல அடிபட்டதும் நேரா இங்க வந்திருந்தா மருந்துக்கு நேரம் இருந்திருக்கும்மா. இப்ப தாண்டிருச்சு. தொடை வழியா கம்பி விட்டுக் கட்டியை எடுக்கப் பார்க்கறோம். உயிர் பிழைக்க வாய்ப்பு இருக்கு. பேச்சு திரும்புமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது." கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியவள் நின்றாள். "அந்தக் கிளினிக்ல அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தீங்களே, அங்க ஒருத்தர்கூடவா அவரைப் பார்க்கலை?"

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க டாக்டர். எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. அவருகிட்டக் கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன்."