ஹவில்தாரின் வெள்ளைக் கற்கள்

…வளைந்து கிடக்கிறதே, வில்லாக வளைந்து கிடக்கிறதே, கயிறு பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, துப்பாக்கிக் குழலைப் போல நேராக அடுக்கிய கற்குவியல்கள் அல்லவா, போன இலையுதிர் காலத்தில் பத்தூரா பனியாற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெள்ளை பெயின்ட் அடித்து அவர் நட்ட வழி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஹவில்தார் தவ்லத் ஷா, இனி ஏழு தலைமுறைக்கு யாரும் வழி தேட வேண்டாம் என்று பஸ்ஸூ கிராமத்து நாய்களிடம்கூடச் சொல்லி முடித்திருந்தார்… இப்போது கரைமேட்டுப் பாறையில் உட்கார்ந்து பார்த்தால், ஓரத்துக் குவியல்கள் மட்டும் மலையை உரசிக்கொண்டு, நொண்டி நொண்டி, வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன, நடுவில் இருந்தவற்றைப் பனி தன் பாட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது, சத்தமில்லாமல், குளிர்காலம் முழுக்க, அவர் அடுப்போரம் குறட்டை விட்ட நேரமெல்லாம். நடுக்குவியல் பனி வெடிப்புகளின் உதட்டிலேயே போய் நிற்கிறது, ஒரு கிராமத்தை ஆடுமாடோடு விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத வெடிப்புகள். அதை நோக்கித்தான் மந்தையோடு அவர் மனைவி நிகார் போய்க்கொண்டிருக்கிறாள். மேலிருந்து மஞ்சு, அடர்ந்த மூடுபனி, இறங்கிக்கொண்டிருக்கிறது, மஞ்சில் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைக் கல் ஒன்றுதான்… அப்படித் தெரியட்டும் என்றுதானே பெயின்ட் அடித்தார்?

கத்தினார். அவர் குரலுக்கு ஒரு காலத்தில் எல்லைக்கு அந்தப்புறம் சீனாக்காரன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வான், இன்று காற்று அதை வாயிலேயே திருப்பித் திணித்தது. எழுந்தால் முழங்கால் மடங்குகிறது. காலையில் வாசலில் நிகார் சொன்னாளே, “கல்லு நகந்திருக்கும், ஹவில்தாரே. பனி என்ன சும்மா கெடக்குற பொருளா?” கேட்டாரா? “கல்லுக்குக் கால் மொளைக்குமாடி? நீ பட்டாளத்தப் பாத்தியா, நான் பாத்தேனா?” பக்கத்து வீட்டு ஹூர்பீபி யாக் மாட்டின் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டே, “கல்லு நடந்தாலும் நடக்கும் அண்ணே, உங்க முட்டிதான் நடக்காது” என்று சிரித்தாள். பெண்கள் வருஷா வருஷம் தடியால் குத்திப் பார்த்து, பனியின் முனகலுக்குக் காது கொடுத்து, புது வழி பிடித்துத்தான் கோடை மேய்ச்சலுக்குப் போவார்கள், அதை அவர் குருட்டு நடை என்று கேலி செய்ததும், நிகார் முகம் மாறாமல் உப்புத் தேநீரை நீட்டி, “சரி, சரி, உங்க கல்லு வழியாவே போறேன், மூஞ்சியத் தூக்காம குடிங்க” என்றதும்… சரி என்றாளே, ஐயோ, ஏன் சரி என்றாள், என்றைக்கும் போல இன்றைக்கும் ஏன் ஜெயித்தோம்?

மஞ்சு மூடியது. கீழே எங்கோ பனி விரிசல் விட்டது, பீரங்கிச் சத்தம், வயிற்றுக்குள் வெடித்த மாதிரி. விழுந்திருப்பாளோ? ஓர் ஆடு கத்தியதா, இல்லை நாமே கத்தினோமா? வெகு நேரம் கழித்துக் கிழிந்தது மஞ்சு… வெள்ளைக் கற்களின் பக்கத்தில் ஒருவருமில்லை. ஒரு குளம்புகூட இல்லை. மேலே, கற்களுக்கு வெகு மேலே, பனி சமதளமாய்க் கிடக்கும் இடத்தில், சிவப்புச் சால்வை, அதன் பின்னால் எறும்பு வரிசையாய் மந்தை, வளைந்து வளைந்து, அவளுடைய வழி. உயிர் வந்தது. வந்த உயிர் உட்காரவில்லை. வாசலில் நிற்கும் ஆப்ரிகாட் மரத்தை வெட்டு என்றபோதும் சரி என்றாள், அது இந்த வருஷமும் பூத்து நிற்கிறது. மகளைக் கராச்சிக்கு அனுப்பாதே என்றபோதும் சரிதான், மகள் இப்போது அங்கே நர்ஸாக இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் உத்தரவு போட, அவள் சரி சொல்ல, வாழ்க்கை எந்தப் பக்கமாக நகர்ந்திருக்கிறது என்று ஒரு தடவையாவது ஏறிப் பார்த்தாரா… மஞ்சு மறுபடி இறங்கி, சால்வையைத் தொட்டு, தின்றது. பாதி தூரம்கூட ஆகவில்லை. அக்கரை சேர்ந்ததும் புகை போட்டுக் காட்டு என்று கிளம்பும்போது சொல்லியிருந்தார், சரி என்றாள், அதே குரலில், திரும்பிப் பார்க்காமல்… அது எந்தச் சரி?